எடைக்குப் போவதற்கு முன்னால்: பழைய வீடியோ கேம் இதழ்களைச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

மதுரையில் பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று நான் வாங்கிய முதல் கட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சணல் கயிறு போட்டுக் கட்டியது. மேலே பத்தாம் வகுப்பு நோட்ஸ், நடுவில் கல்யாணப் பத்திரிகைகள், அடியில் டிஜிட் என்ற கம்ப்யூட்டர் இதழின் 2004ஆம் ஆண்டுப் பிரதிகள் நான்கு. டிஸ்க் உறைகள் காலி. ஓர் அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை. அந்த இதழைப் பிரித்தபோது நான்காக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று மடியில் விழுந்தது. வைஸ் சிட்டி விளையாட்டின் சீட் கோடுகளை, அதாவது ஆடும்போது தட்டினால் குறுக்குவழியில் உதவி தரும் ரகசியச் சொற்களை, யாரோ ஒரு பையன் நீல மையில் தமிழெழுத்தில் எழுதி வைத்திருந்தான். ‘பேன்சர் – டாங்கி வரும்.’ ‘லீவ் மீ அலோன் – போலீஸ் போய்விடும்.’ ‘ஆஸ்பிரின் – உயிர்.’ மூன்றாவதற்குப் பக்கத்தில் இரண்டு கோடு அடித்து, ‘கடைசியில் ஈ உண்டு’ என்றிருந்தது. அவன் எழுதியது சரி. அந்தச் சொல்லின் முடிவில் ஆங்கில ஈ என்ற எழுத்தைத் தட்டாவிட்டால் உயிர் ஏறாது. மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்காரும் பிள்ளை, அங்கே போய்த் தேடி நேரத்தைக் கரைக்காமல் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அந்தத் தாள் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் பத்து நிமிடம் தாமதமாகப் போயிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

தமிழ்நாட்டில் காமிக்ஸ் சேகரிப்பவர்களுக்குக் குறைவில்லை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984இல் வந்த லயன் காமிக்ஸையும் எண் வரிசையில் அடுக்கி வைத்திருப்பவர்களை மதுரையிலேயே பார்க்கலாம். வார இதழில் வந்த தொடர்கதையைக் கிழித்து பைண்டிங் செய்து வைத்த பாட்டிகள் பல வீடுகளில் இருந்தார்கள். வீடியோ கேம் இதழ்களுக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. படிக்கிற பிள்ளையைக் கெடுக்கும் குப்பை என்று வீட்டில் நினைத்தார்கள். பிள்ளை வேலைக்குப் போனதும் முதலில் எடைக்குப் போனது அவைதான். எடைக்குப் போன தாள் பொட்டலமாகும், அல்லது சிவகாசிப் பக்கம் பட்டாசு சுற்றப் போகும். எதுவாக இருந்தாலும் திரும்பி வராது. இதைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்காக நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உலக அளவில் இந்த இதழ்களின் வரலாறு 1981இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் அண்டு வீடியோ கேம்ஸ் இதழும் அமெரிக்காவில் எலக்ட்ரானிக் கேம்ஸ் இதழும் வெளிவந்தன. ஜப்பானின் ஃபாமிட்சு 1986இல் வந்தது. நின்டெண்டோ பவர் 1988இல் தொடங்கி 2012இல் நின்றது. எட்ஜ் 1993இல் தொடங்கியது. இவற்றின் பழைய பிரதிகள் நம் ஊர்க் கடைகளில் அபூர்வமாகத்தான் தட்டுப்படும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இதழின் விலையை அஞ்சல் கட்டணம் தாண்டிவிடும். அந்த நாடுகளில் அவற்றைக் காக்க ஆட்களும் இருக்கிறார்கள். 2017இல் தொடங்கிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன், 2025 ஜனவரியில் திறந்த தன் எண்ணிம நூலகத்தில் 1,500க்கும் மேற்பட்ட பழைய இதழ்களைச் சொல் போட்டுத் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஃபாமிட்சுவுக்கு மதுரையிலிருந்து நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.

நம்மால் மட்டுமே செய்யக்கூடியது வேறு. டிஜிட் 2001இல் வந்தது. அதே நிறுவனத்தார் விளையாட்டுக்கென்றே ஸ்கோர் இதழைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சிப், பிசி க்வெஸ்ட் போன்றவை இருந்தன. தமிழில் ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இருந்தது. தினமலரோடு திங்கட்கிழமை வந்த கம்ப்யூட்டர் மலர் இருந்தது. இவற்றில் விளையாட்டுக்குக் கிடைத்த இடம் சில பக்கம்தான். ஆனால் 2003இல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு ரூபாயில் என்ன விலை, மதுரைப் பையன் எந்த விளையாட்டைப் பற்றிக் கேள்வி எழுதிப் போட்டான், ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிக்கு விளம்பரம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அந்தச் சில பக்கத்தில்தான் இருக்கிறது. விளையாட்டை இன்றும் இறக்கி ஆடலாம். விளையாடியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இறக்கிக்கொள்ள வழியில்லை.

எனவே புதியவர்களுக்கு என் யோசனை: ஓர் இதழ், ஐந்தாண்டு. அவ்வளவுதான் முதல் இலக்கு. கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினால் ஆறே மாதத்தில் பீரோ நிறைந்துவிடும், வீட்டில் பேச்சும் வளரும். தமிழில் வந்த இணைப்பிதழ்களை யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டால் மிகவும் மகிழ்வேன். நாளிதழோடு வந்தது நாளிதழோடே போய்விட்டதால் அவைதான் மிக வேகமாக மறைகின்றன.

எங்கே தேடுவது

புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே இருந்த புத்தகக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே பாடநூல், போட்டித் தேர்வு நூல்தான் அதிகம். ஆனாலும் கம்ப்யூட்டர் புத்தகக் கட்டுக்குள் இதழ்கள் ஒளிந்திருப்பதுண்டு. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தார்ப்பாய் விரித்துப் பழைய கீபோர்டும் சார்ஜரும் விற்பவரிடம் ‘புத்தகம் ஏதாவது வந்ததா’ என்று கேளுங்கள். புத்தகக்காரரிடம் கேட்பதைவிட இது பலன் தரும். கம்ப்யூட்டரை விற்றவர்கள் அதோடு இருந்த இதழையும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள்.

எனக்கு அதிகம் கிடைத்தது பேட்டை பேட்டையாக இருக்கும் பழைய பேப்பர் கடைகளில். ஒரு கடைக்காரரோடு பழகிக்கொண்டால் போதும். எனக்குக் கொடுப்பவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஓர் இதழின் அட்டையைக் காட்டி, “அண்ணாச்சி, இப்படி வழவழப்பாக, கம்ப்யூட்டர் படம் போட்டு வந்தால் தனியாக எடுத்து வையுங்கள், எடை விலையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன்” என்றேன். “இதில் என்ன தம்பி இருக்கிறது?” என்று கேட்டார். பதினைந்து நிமிடம் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு கட்டை எடுத்து வைத்திருந்தார். பேரம் பேசி எடை விலைக்கே கேட்டிருந்தால் அவர் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார், செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

காலமும் முக்கியம். போகிக்கு முந்தைய வாரம், ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும் நாட்கள், ஏப்ரல் மே மாதங்களில் வீடு மாறும் நேரம் – ஆண்டில் இந்த மூன்று வேளையிலும் கடைக்குப் போகாமல் இருக்காதீர்கள். போகியில் கொளுத்துகிற வீடுகள் இன்னும் உண்டு. சொந்தக்காரர் வீடுகளுக்குப் பொங்கலுக்கு முன்பே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது மூன்று இடத்தைத் தொட்டுப் பாருங்கள். நடு மடிப்பில் பின் துருப்பிடித்திருக்கிறதா? பக்கங்களின் மேல் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனால் பூஞ்சை வாடை வருகிறதா? கடைசிப் பத்துப் பக்கம் இருக்கிறதா? கடைசிப் பக்கங்களில்தான் சின்ன விளம்பரங்களும் கடைப் பட்டியலும் இருக்கும், முதலில் கிழிவதும் அவைதான். அட்டை போயிருந்தாலும் வாங்குங்கள். அபூர்வமான இதழ் என்றால் பாதி கிடைத்தாலும் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம்

புதிதாக வந்த கட்டைப் பழைய சேகரிப்போடு ஒருபோதும் சேர்த்து வைக்காதீர்கள். ஆர்வத்தில் எல்லோரும் செய்கிற பிழை இது, நானும் செய்தேன். கட்டோடு வந்த இராமபாணப் பூச்சி என் பழைய அடுக்கில் ஏறி, அட்டைகளின் மேல்பூச்சை வழித்துத் தின்றுவிட்டது. எழுத்து தெரிகிறது, நிறம் போய்விட்டது.

கட்டைப் பிரித்து, டிஸ்க் இருந்தால் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, இதழ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டுங்கள். வீட்டு ஃப்ரீசர் பூச்சியம் டிகிரிக்குக் கீழே 18 வரை போகும். அதில் இரண்டு வாரம் கிடந்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். மதுரைக் காற்று பட்டதும் வேர்க்கிற வேர்வை பையின் வெளிப்புறத்தில் நிற்கும். பிரித்தால் அது தாளில் இறங்கும். ஃப்ரீசரில் மீன் வைக்கும் வீடாக இருந்தால் இரட்டைப் பை போடுங்கள். வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அந்துருண்டையை நம்பாதீர்கள். அந்த நெடி உடம்புக்கு ஆகாது, சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும். வசம்பையும் வேப்பிலையையும் ஓலைச்சுவடிக்கு வைத்த மரபு நமக்கு உண்டு. துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம், தாளின் மேல் வைத்தால் கறை ஏறும். எதை வைத்தாலும் மாதம் ஒருமுறை கதவைத் திறந்து கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

சுத்தம் செய்ய ஒரு புதிய, மெத்தென்ற பெயின்ட் பிரஷ் போதும். நடு மடிப்பிலிருந்து வெளியே தள்ளுங்கள். ஈரத் துணி வேண்டாம். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடி நிழலில் வைத்துச் செய்யுங்கள். வெயிலில் காயப் போட்டால் பூஞ்சை அடங்கும், கூடவே அட்டையின் சிவப்பும் மஞ்சளும் வெளுக்கும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். அது சில ஆண்டில் பழுப்பேறி, ஒட்டிய இடத்தையும் பழுப்பாக்கும். நம் ஊரில் சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசை கரப்பானுக்கும் இராமபாணத்துக்கும் விருந்து. லாமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த பக்கத்தைக் கிழிந்தபடியே உறையில் போட்டு வைப்பதுதான் தொடக்கக்காரர்கள் செய்யக்கூடிய சிறந்த மருத்துவம்.

துருப்பிடித்த பின்னை மட்டும் எடுத்துவிட வேண்டும். பின் எடுக்கும் கருவியால் கவ்வி இழுத்தால் தாள் பிய்யும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரண்டு காலையும் மொட்டைக் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக வெளியே தள்ளுங்கள். அதே ஓட்டை வழியாக வெள்ளைப் பருத்தி நூல் கோத்து, இறுக்காமல் முடிச்சிடுங்கள். தொடர்கதைக்குச் செய்தது போல பைண்டிங் கடைக்குக் கொடுக்கும் எண்ணம் வரும். தயவுசெய்து வேண்டாம். மூன்று பக்கமும் வெட்டி ஓரத்து எழுத்தைக் கொண்டுபோய்விடுவார்கள்.

எங்கே வைப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதழ்கள் தொலைவது பெரும்பாலும் கடையில் அல்ல, சேகரித்தவர் வீட்டிலேயேதான்.

நம் வீடுகளில் பழைய பொருளுக்கு இடம் என்றால் பரண். மதுரையில் மே மாதம் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது கான்கிரீட் தளத்துக்கு ஓர் அடி கீழே இருக்கும் பரண் அதற்கும் மேல் கொதிக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் தாள் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆவணக் காப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஐப்பசி மழையில் முதலில் ஒழுகுவதும் பரணுக்கு மேலேதான். என் முதல் இருபது இதழ்களை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். ஒரு கார்த்திகை மழையில் தளத்தின் விரிசல் வழியாகச் சொட்டிய நீர் பெட்டிக்குள் இறங்கியது. நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது மேலே இருந்த ஏழு இதழ்கள் ஒரே செங்கலாக இறுகியிருந்தன.

ஏன் அப்படி ஆனது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வழவழப்பான தாளின் மேல் ஒரு வகை வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது. அச்சின் நிறம் பளிச்சென்று எழுவது அதனால்தான். நனைந்தால் அந்தப் பூச்சு இளகிப் பசையாகும். நனைந்தபடியே இருக்கும்வரை பக்கங்களைப் பிரித்துவிடலாம், அடுத்தடுத்து ஒட்டிக் காய்ந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது. செய்தித்தாளில் வரும் இணைப்பிதழுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது காய்ந்து சுருங்கும், அவ்வளவுதான்.

எனவே இதழ் நனைந்தால் காயவைக்க ஓடாதீர்கள். இரண்டு வழி உண்டு. ஒன்றிரண்டு இதழ்தான் என்றால், ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே பட்டர் பேப்பரைச் செருகி, மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். நிறைய நனைந்துவிட்டால் ஒவ்வோர் இதழையும் தனிப்பையில் போட்டு உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த இதழ் அதற்கு மேல் கெடாது. வாரத்துக்கு ஒன்றாக எடுத்து நிதானமாகக் காயவைக்கலாம். இது தெரிந்திருந்தால் அந்த ஏழும் பிழைத்திருக்கும். அவற்றில் ஒன்று இன்றுவரை எனக்கு மறுபடி கிடைக்கவில்லை.

நல்ல இடம் எது? வெயில் அடிக்கும் மேற்குச் சுவரை ஒட்டாத, குளியலறைச் சுவரை ஒட்டாத நடு அறை. மர அலமாரியைவிட இரும்பு பீரோ நல்லது, கரையான் ஏறாது. சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள். பீரோவுக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வையுங்கள். 65 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் அந்த எண்ணைக் கவனித்து, சிலிக்கா ஜெல் பைகளை வைக்கலாம். நிறம் மாறினால் புதிது மாற்றுங்கள். குளிர்சாதன அறை இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் பகலில் நிறுத்தி இரவில் போட்டு ஏற்றி இறக்குவதைவிட, ஏற்ற இறக்கம் இல்லாத சாதாரண அறையே மேல்.

உறைக்கு வெளிநாட்டுப் பொருளைத் தேடி அலைய வேண்டாம். ரெடிமேட் சட்டை மடித்துப் போடும் கண்ணாடி போன்ற கவர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். ஜவுளிக்கடைகளுக்குப் பேக்கிங் சாமான் விற்கும் மொத்தக் கடைகளில் நூறாகக் கட்டி விற்பார்கள். முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தால் அதுதான். 3 என்று இருந்தால் பிவிசி, தொடாதீர்கள். குறி இல்லாவிட்டால் மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாடை வந்தால் வாங்க வேண்டாம். கவரின் வாயை ஒட்டாமல் மடித்து மட்டும் விடுங்கள்.

பின் அடித்த மெல்லிய இதழ்களைப் படுக்கவைத்துப் பத்துப் பதினைந்துக்கு மேல் அடுக்காதீர்கள். பசை போட்ட தடித்த முதுகு உள்ளவற்றை நிமிர்த்தி வைக்கலாம், சாயாமல் இருபுறமும் தாங்கல் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அந்த முதுகுப் பசை மொறமொறவென்று ஆகிவிடும். முழுக்க விரித்தால் பக்கங்கள் கொத்தாகக் கையோடு வரும். படிக்கும்போது பாதி விரித்தால் போதும்.

பதிவேடு

ஒரு கணக்கு நோட்டு, அல்லது கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை. இதழின் பெயர், மாதம், ஆண்டு, பக்க எண்ணிக்கை, இல்லாத பக்கம், டிஸ்க் உண்டா, இலவச இணைப்பு உண்டா, எங்கே எப்போது கிடைத்தது. கடைசித் தகவலைப் பலரும் எழுதுவதில்லை. டிஜிட்டோடு வந்த ஃபாஸ்ட் ட்ராக் குறுநூல்கள், சுவரொட்டிகள், போட்டிக் கூப்பன்கள் எல்லாவற்றுக்கும் தனி வரி வேண்டும். இதழுக்குள் கிடைத்த பொருளுக்கு எந்தப் பக்கத்துக்கு இடையே கிடைத்தது என்று குறியுங்கள். அந்தச் சீட் கோடு தாள் 62, 63ஆம் பக்கங்களுக்கு இடையே இருந்தது. அதைத் தனி உறையில் போட்டு, இதழுக்கு இட்ட அதே எண்ணை அதற்கும் இட்டிருக்கிறேன். பழைய உரிமையாளர் கையெழுத்தை அழிக்காதீர்கள். முகவரிச் சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் உரிக்க வேண்டாம், படம் எடுத்து யாருக்காவது அனுப்பும்போது மட்டும் மறைத்துவிடுங்கள்.

டிஸ்க் இருந்தால் அதுவே முதல் வேலை

தாள் காத்திருக்கும், டிஸ்க் காத்திருக்காது. இதழோடு வந்த டிஸ்க்கில் விளையாட்டின் மாதிரிப் பதிப்புகள், அந்த மாதத்துத் திருத்தங்கள், வால்பேப்பர்கள் இருக்கும். நம்மில் பலர் வீட்டில் இணையம் வருவதற்கு முன் விளையாட்டு வந்த வழி அதுதான்.

சிடியின் தரவு அடுக்கு பெயர் அச்சடித்த மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. எல்லோரும் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துப் பயப்படுவார்கள். மேல்பக்கக் கீறல்தான் சிடியைக் கொல்லும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. இரண்டிலும் பால்பாயின்ட் பேனாவால் எழுதக் கூடாது, சீட்டு ஒட்டக் கூடாது. துடைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்காமல் முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். சிடி 700 எம்பி, டிவிடி 4.7 ஜிபி, இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு அது ஒன்றுமில்லை. வெற்று சிடியில் நகலெடுத்து பஜாரில் விற்றவை இதழோடு சேர்ந்து கிடைத்தால் அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். அச்சு டிஸ்க்கைவிட அவை வெப்பத்தில் விரைவாக மங்கும்.

டிஸ்க்கை இதழுக்குள்ளேயே திரும்ப வைக்காதீர்கள். அழுத்தத்தில் முன்பின் பக்கங்களில் வட்டப் பள்ளம் விழும்.

ஸ்கேன் செய்தல்

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று தொடங்கினால் மூன்றாவது இதழில் சலித்துவிடும். அபூர்வமானது, நலிந்தது, இணையத்தில் எங்கும் இல்லாதது – இந்த வரிசையில் செய்யுங்கள். தட்டையான ஸ்கேனர் போதும். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் எடுத்தால் சுருக்காத கோப்பு ஏறக்குறைய 26 எம்பி, நூறு பக்கத்துக்கு 2.6 ஜிபி. 600 டிபிஐ என்றால் அதைப் போல நான்கு மடங்கு. அட்டைக்கும் பொடி எழுத்து விளம்பரத்துக்கும் 600, மற்றவற்றுக்கு 300 என்பது என் வழக்கம். மூலத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி என்ற தரம் குறையாத கோப்பு வகையில் வைத்து, படிக்க பிடிஎஃப் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் பக்கத்தின் பின்னால் கறுப்புச் சார்ட் தாள் வையுங்கள். அச்சுப் புள்ளிகளால் படத்தில் அலை அலையாக விழுந்தால் ஸ்கேனர் மென்பொருளில் டிஸ்கிரீன் என்ற வசதி இருக்கும். மூலத்தில் அதைப் போடாமல் நகலில் மட்டும் போடுங்கள். விளம்பரங்களைத் தள்ளிவிட்டுக் கட்டுரைகளை மட்டும் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய இழப்பு. விமர்சனத்தை வேறு எங்காவது படித்துவிடலாம், கடை விளம்பரம் வேறெங்கும் இருக்காது.

முதுகை வெட்டினால் ஸ்கேன் எளிது என்று சொல்வார்கள். உங்களிடம் இரண்டாவது பிரதி இருந்தால் வெட்டலாம். இல்லையென்றால் நடு மடிப்பில் ஓரெழுத்து மங்கினாலும் பரவாயில்லை.

அச்சில் வந்ததை அப்படியே காப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1992 ஏப்ரல் இதழில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டில் ஷெங் லாங் என்ற மறைந்த வீரனோடு மோதலாம் என்று முட்டாள்கள் தினக் கதை ஒன்றை வெளியிட்டது. வேறு நாட்டு இதழ்கள் அதை உண்மை என்றே எடுத்துப் போட்டன. விளையாட்டுக் கடைகளில் பிள்ளைகள் அவனைத் தேடிக் காசைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். விளையாட்டைத் திறந்து எவ்வளவு தேடினாலும் இந்தக் கதை அதில் இருக்காது. அது அந்த மாதத்து இதழில்தான் இருக்கிறது.

உரிமை பற்றிச் சுருக்கமாக. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. நாம் பேசும் இதழ் எதுவும் அந்தக் காலத்தைத் தாண்டவில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் இடம் தருகிறது. முழு இதழையும் எல்லோருக்கும் பொதுவில் ஏற்றுவது வேறு விஷயம். 2016இல் இணைய ஆவணக் காப்பகத்தில் இருந்த நின்டெண்டோ பவர் இதழ்கள் நிறுவனத்தின் எதிர்ப்பால் எடுக்கப்பட்டன. கோப்பை முதலில் உங்களிடம் பத்திரமாக வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு வீட்டில்.

உங்களுக்குப் பிறகு

நூல்களை நூலகங்களுக்கு ஒப்படைப்பது பற்றிய 1954ஆம் ஆண்டின் சட்டப்படி வெளியீட்டாளர்கள் சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அதனால் எல்லாம் அங்கே இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, அரசாங்கமோ கல்லூரியோ சேர்க்காத அச்சுத் தாள்களைத் தன் வீட்டில் சேர்த்தார். நாடக நோட்டீஸையும் அவர் விடவில்லை. அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. அவர் சேர்த்தபோது அவற்றையும் குப்பை என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

எந்த நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். கேட்காமல் சாக்கில் கட்டி இறக்கினால் அது மறுபடியும் எடைக்கே போகக்கூடும். கொடுக்க இன்னும் காலம் இருக்கிறது என்றாலும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: எத்தனை இதழ், எந்தப் பீரோ, பதிவேடு எங்கே, ஹார்டு டிஸ்க் எங்கே, யாரிடம் கேட்க வேண்டும். என்னுடைய தாளை பீரோவின் உட்கதவில் ஒட்டியிருக்கிறேன். சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று என் தங்கை மகளுக்குத் தெரியும். சென்ற பொங்கலுக்கு வந்தபோது அவள் கேட்டதும் அந்தச் சீட் கோடு தாளைத்தான்.